வளர்ச்சி வந்தால் காடு போகுமா? வன்னி நிலத்தின் காபன் கணக்கு

முறிகண்டியில் பஸ் நின்றால் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், கைக்கு ஒரு பை கச்சான். போன மாரியில் அப்படி இறங்கி நின்றபோது பக்கத்தில் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "ரோட்டைப் போட்டாங்கள், காடு போச்சு. அபிவிருத்தி எண்டாலே காடழிப்புத்தான்" என்றார் ஒருவர். மற்றவர் விடவில்லை. "பசியிலை கிடக்கிறவன்தான் மரம் வெட்டுவான். கையிலை நாலு காசு வந்தால் ஆர் காட்டுக்குப் போறது?" கண்டக்டர் கூப்பிடும்வரை வாதம் முடியவில்லை.

இந்த இரண்டு பேச்சும் எங்கள் பக்கத்தில் எங்கும் கேட்கிறது. கூடவே காபன், உமிழ்வு என்ற சொற்களும் வந்து விழுகின்றன. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது லொறிப் புகை மாதிரி ஏதோ ஒன்று என்ற அளவில்தான் விளக்கம். அந்த இருவரிடமும் நான் கேட்க நினைத்தது வேறொன்று. நீங்கள் கொறிக்கிற இந்தக் கச்சான், பழைய காணியில் விளைந்ததா, புதிதாகக் காடு வெட்டி வெளியாக்கிய காணியில் விளைந்ததா? பொருளாதார வளர்ச்சிக்கும் நிலத்திலிருந்து வெளியேறும் காபனுக்கும் உள்ள உறவில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்குப் பதில் தேட முன்னர், ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

காட்டையும் ஒரு குளமாக நினையுங்கள்

இரணைமடுவில் இப்போது எத்தனை அடி என்று கேட்காத கமக்காரர் கிளிநொச்சியில் இல்லை. அந்த அடிக் கணக்கை வைத்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டுத் தீர்மானிப்பார்கள். அடி காட்டுவது இருப்பு. கனகராயன் ஆற்றால் வந்து சேர்வது வரத்து. துருசால் வயலுக்குப் போவது செலவு.

காடும் இப்படித்தான். இலைகள் வெயிலைப் பிடித்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, அதிலிருந்து மரத்துக்கு வேண்டிய உணவைச் செய்கின்றன. இதற்கு ஒளித்தொகுப்பு என்று பெயர், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அப்படி எடுத்த காபன் தண்டாக, கிளையாக, வேராக மாறி நிற்கிறது. நன்றாகக் காய்ந்த ஒரு பாலைக் குற்றியைத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பாரத்தில் ஏறத்தாழப் பாதி காபன். ஒரு காட்டின் மரத்திலும் வேரிலும் மண்ணிலும் இப்படித் தங்கி நிற்பதைக் காபன் இருப்பு என்கிறார்கள்.

துருசும் உண்டு. சருகு உக்குகிறது, கிளை விழுகிறது, கறையான் தின்கிறது, மரமும் மூச்சு விடுகிறது. எல்லாவற்றாலும் காபன் திரும்பக் காற்றுக்குப் போகிறது. முதிர்ந்த காட்டில் வரத்தும் செலவும் கிட்டத்தட்டச் சமம். அதனால் "காடு ஒட்சிசன் தருகிறது, அதுதான் அதன் பெருமை" என்று மேடையில் பேசுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். முதிர்ந்த காடு தான் தருகிற ஒட்சிசனில் பெரும்பகுதியைத் தானே செலவழித்துவிடும். அதன் பெருமை தேக்கி வைத்திருக்கும் இருப்பில் இருக்கிறது, நிறைந்த குளத்தின் பெருமை மாதிரி.

காடு வெட்டி எரிப்பது குளத்தின் கட்டை உடைப்பது. நிறையப் பல மாரி எடுத்தது ஒரு இரவில் போய்விடும்.

ஓர் ஏக்கர், இரண்டு பௌசர்

கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஓர் ஏக்கர் காட்டில், காய்ந்த நிறையில் 40 தொன் மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். கணக்குக்காக ஒரு தொகை. அதில் ஏறத்தாழ 19 தொன் காபன். காபன் எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டு போவதால், ஒரு கிலோ காபன் சுமார் 3.7 கிலோ காபனீரொட்சைட்டாக மாறும். ஆக 70 தொன். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ வரை வரும். அப்படியானால் அந்த ஏக்கர், 13,200 லீற்றர் கொள்ளும் எண்ணெய்ப் பௌசர் இரண்டை நிரப்பி எரித்ததற்குச் சமம். ஒரு கமக்காரரின் லான்ட்மாஸ்டர் ஆயுள் முழுக்க உழுதாலும் அவ்வளவு குடிக்குமா என்பது சந்தேகம்.

வெட்டிய எல்லாமே புகையாகிவிடுவதில்லை. தச்சரிடம் போன பாலையும் முதிரையும் நிலையாகவும் யன்னலாகவும் ஐம்பது வருடம் நிற்கும். அந்தக் காபன் அதுவரை வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் தச்சரிடம் போவது தண்டின் நல்ல பகுதி மட்டும். கிளை, வேர், வீரையும் பனிச்சையுமாக நின்ற சின்ன மரங்கள், பற்றை எல்லாம் கும்பியாகக் குவித்து நெருப்பு வைக்கப்படும். அதன் பிறகு உழவு. நிழலில் கிடந்த மண் வெயிலில் புரள, மண்ணுக்குள் இருந்த காபனும் சில வருடங்களுக்கு மெதுவாகக் கசியும்.

இப்படி ஒரு நிலம் காடாக இருந்து வயலாகவோ தோட்டமாகவோ வீதியாகவோ மாறுவதற்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று பெயர். மனிதரால் காற்றில் சேரும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்த வழியால் வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு.

ஆற்று மணல் அள்ளுவதையும் இதற்குள் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. மணல் அள்ளினால் ஆறு கெடும், கிணறு வற்றும். அது பெரிய பிரச்சினை, ஆனால் வேறு பிரச்சினை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காடு ஓர் இருப்பு. மெதுவாக நிறையும், சட்டென்று உடையும். நிலத்திலிருந்து வரும் உமிழ்வு என்பது பெரும்பாலும் அந்த உடைப்பு.

தாலிக்கொடி விற்ற காசு

வளர்ச்சி என்ற சொல்லையும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் அல்லது மாகாணத்தில் ஒரு வருடத்துக்குள் உற்பத்தியான பொருள், சேவை எல்லாவற்றின் பெறுமதியையும் கூட்டினால் வருவது மொத்த உற்பத்தி. மாகாணவாரியாக இதை மத்திய வங்கி வெளியிடுகிறது. போன வருடத்தைவிட இந்த வருடம் அது கூடினால் வளர்ச்சி.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. முதிரை விற்ற காசு உள்ளே வரும். புதுக்காணியில் விளைந்த கச்சான் உள்ளே வரும். ஆனால் காட்டிலிருந்து போன இருப்பு எங்கும் கழிபடாது. தாலிக்கொடியை விற்ற காசை இந்த வருட வருமானம் என்று கொப்பியில் எழுதுவதைப் போன்றது இது. வளர்ச்சி வீதத்தை மட்டும் பார்த்துக் காபனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் இருப்பதற்கு இது முதல் காரணம். ஒரே 5 வீத வளர்ச்சி ஒரு தையல் தொழிற்சாலையாலும் வரலாம், ஆயிரம் ஏக்கர் காடு போனதாலும் வரலாம்.

செத்தல் மிளகாய் விலை ஏறிய காலம்

எங்கள் மாமா ஒருவர், படித்த வாலிபருக்குக் காணி கொடுத்துக் கமம் செய்யவைத்த படித்த வாலிபர் திட்டத்தில் விசுவமடுவுக்குப் போனவர். 1970க்கும் 77க்கும் இடையில் அன்றைய அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. செத்தல் மிளகாய்க்கு விலை ஏறியது. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் மாமா கையால் காட்டுவார். "வேலி அதிலை நிண்டது. அடுத்த வருசம் அதுக்கு அங்கால போச்சு. அதுக்கடுத்த வருசம் இன்னும் அங்கால." 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதி மிளகாய் வந்தது, விலை விழுந்தது, வேலியும் நின்ற இடத்தில் நின்றது.

பொருளியலாளர்கள் பெரிய வரைபடம் போட்டுச் சொல்வதை மாமா கையால் சொல்லிவிட்டார். எந்த ஊரிலும் வெட்டலாமா விடலாமா என்று இழுபடுகிற நிலம் ஒன்று இருக்கும். மண் சுமார், தண்ணீர் தூரம், யானை வரும். இன்றைய விலைக்கு அதை வெட்டுவது நட்டம். இதை விளிம்பு நிலம் என்று சொல்லலாம். விலை ஏறினால் நேற்று நட்டமாக இருந்த அந்த நிலம் இன்று இலாபமாகிவிடும், கோடாலி அங்கே போகும். வருமானம் கூடுகிற சனம் கூடச் சாப்பிடுகிறது, வீடு கட்டுகிறது, தளபாடம் வாங்குகிறது. வாங்கக் கேட்பவர் கூட, அதாவது கேட்டல் ஏற, விலையும் ஏறுகிறது. வளர்ச்சி காட்டைத் தொடுகிற முதல் வழி இதுதான்.

அந்த வளர்ச்சி வன்னிக்குள் நடக்கவேண்டும் என்றும் இல்லை. கொழும்பில் கட்டடம் எழும்பினால் மரத்துக்கான கேட்டல் மாங்குளத்தில் தெரியும். கனடாவிலிருந்து ஒருவர் தென்னந்தோட்டம் போட நினைத்தாலும் தெரியும். காசு பெருகுவது ஓரிடம், கட்டு உடைவது வேறிடம்.

வீதியும் பெக்கோவும்

இரண்டாவது வழி வீதி. யுத்தம் முடிந்த பிறகு ஏ-9 திறந்தது, காப்பெற் விழுந்தது. 2013இல் ரயில் கிளிநொச்சி வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. வீதி வந்தால் ஒரு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு குறையும். செலவு குறைவதும் விலை ஏறுவதும் கமக்காரருக்கு ஒன்றுதான். முன்னர் தூரம் என்று விட்ட நிலம் கிட்ட வந்துவிடும். உலகின் பல காடுகளில் வெட்டு வீதியோரத்தில்தான் தொடங்குகிறது, பிறகு கிளைவீதிகளால் உள்ளே போகிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் மீன் முள்ளைப் போலத் தெரியும்.

மூன்றாவது, கையில் இருக்கும் ஆயுதம். கத்தியும் கோடாலியுமாக ஒரு குடும்பம் ஒரு பருவத்தில் எவ்வளவு வெளியாக்கும்? ஓர் ஏக்கர், கூடினால் இரண்டு. வேரோடு கிளப்புவது பெரும்பாடு என்பதால் பெரிய மரங்களை அப்படியே விட்டுச் சுற்றி விதைப்பார்கள். மண் தோண்டி வாரும் பெக்கோ இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பேசி இறக்கினால் காலையில் நின்ற பற்றை பின்னேரம் வெளி. காசு புழங்கத் தொடங்கியதும் ஊருக்கு முதலில் வருகிற இயந்திரங்களில் அதுவும் ஒன்று. என் பார்வையில், வீதியைத் திட்டுகிற அளவுக்கு நாங்கள் பெக்கோவைக் கவனிப்பதில்லை.

மீள்குடியேற்றத்தையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். 50,000 வீடு என்று வந்த இந்திய வீட்டுத் திட்டம் மட்டும் எத்தனை நிலை, எத்தனை கதவு, எத்தனை சூளைக் கல்! சூளைக்கு விறகு வேண்டும். அந்த வீடுகள் கட்டாமல் இருந்திருக்க வேண்டும் என்று எந்த மனச்சாட்சியுள்ளவரும் சொல்லமாட்டார். செலவு ஒன்று இருந்தது என்பதை மட்டும் எழுதி வைக்கலாம்.

நாலாவது வழி எதிர்ப்பக்கம் இழுக்கும். ஊரில் வேலை வந்து, மகனும் மகளும் மாதச் சம்பளத்துக்குப் போகத் தொடங்கினால், யானைக்குக் காவல் இருந்து விளிம்பு நிலத்தில் பயிர் செய்ய ஆள் இருக்காது. அந்த நிலம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் நிலத்தில் முதலில் சூரையும் காரையும் வரும், பிறகு உடை வரும், அப்புறம் மெல்ல மரம் வரும். குளம் திரும்ப நிறையும். பஸ் தரிப்பில் "கையிலை நாலு காசு" என்றவர் மனதில் இருந்தது இந்த வழிதான்.

ஆக ஒரே வளர்ச்சி, விலையாலும் வீதியாலும் இயந்திரத்தாலும் காட்டை நோக்கித் தள்ளுகிறது. சம்பளத்தால் காட்டிலிருந்து இழுக்கிறது. எது வெல்லும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

அதே ஏக்கரில் கூட விளைந்தால்

உற்பத்தியைக் கூட்ட இரண்டு பாதை உண்டு. நிலத்தைப் பெருக்குவது விரிவாக்கம். இருக்கிற நிலத்தில் கூட எடுப்பது செறிவாக்கம். குளத்தைத் திருத்தி, காலபோகம் மட்டும் செய்த வயலில் சிறுபோகமும் செய்தால் ஒரு மரமும் விழாமல் நெல் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். வயலில் பயிர் மஞ்சளாக நின்றது, விளைச்சல் விழுந்தது. அதே அளவு நெல் வேண்டுமென்றால் இனிக் கூட நிலம் வேண்டும். இயற்கைக்கு நல்லது என்று எடுத்த முடிவு, நீண்ட காலம் நின்றிருந்தால் காட்டைத்தான் போய்த் தட்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

செறிவாக்கத்திலும் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, ஏக்கருக்கு இலாபம் கூடினால் இன்னும் ஓர் ஏக்கர் எடுக்க ஆசை வரும். நெல் போன்ற, ஊரே சாப்பிட்டு முடிக்கிற பயிரில் விளைச்சல் கூட விலை இறங்கிவிடும், ஆசை அடங்கும். வெளிச்சந்தைக்குப் போகிற பயிரில் விலை இறங்காது, ஆசையும் அடங்காது. மற்றது, வயலே ஒரு வாயுவை விடுகிறது. தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்குகின்றன. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மெதேன், ஒரு கிலோ காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 27 மடங்கு சூடேற்றும். இரண்டு போகம் என்றால் மெதேனும் இரண்டு தடவை. வயலை இடைக்கிடை காயவிட்டுத் திரும்பத் தண்ணீர் கட்டினால் இது நன்றாகக் குறையும். துருசுத் தண்ணீர் சொன்ன நாளில் வரவேண்டும், அதுதான் பாடு.

வளர்ச்சி இல்லாத காலம் காட்டைக் காத்ததா?

"சண்டைக் காலத்திலை காடு நல்லாய் இருந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி. இடம்பெயர்ந்து போன ஊர்களின் வயலும் வளவும் கவனிப்பாரின்றிக் காடேறின. திரும்பி வந்த சனம் தங்கள் கிணற்றை மரங்களுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் எல்லைக்கல் வந்து, இது இப்போது ஒதுக்குக் காடு என்றார்கள். அந்த வழக்குகள் இன்றும் ஓடுகின்றன. காபன் கணக்கில் அது இருப்பு கூடிய காலம். அந்தக் கூடுதலுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது காபன் கணக்கில் வராது.

அதே காலத்தில் பதுங்குகுழிக்குப் பனையும் மரமும் விழுந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லா அடுப்பும் விறகுக்கு மாறியது. 2022 நெருக்கடியில் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்த வீடுகளும் அதைத்தான் செய்தன. பொருளாதாரம் சுருங்கினால் காடு தப்பும் என்று ஒரு விதியும் இல்லை.

வளைந்து திரும்பும் கோடு

"பணம் வந்தால் மரம் வளரும்" என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர், நாடு வளரும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடிப் பிறகு குறையலாம் என்று 1955இல் சொன்னார். 1990களில் மற்றவர்கள் அதே வளைவைச் சுற்றாடலுக்கும் போட்டுப் பார்த்தார்கள். காடு முதலில் குறைந்து, ஒரு கட்டத்தில் திரும்பக் கூடுவதைக் காட்டுத் திருப்பம் என்கிறார்கள். கொஸ்தா ரிக்கா, வியட்நாம் போன்ற நாடுகளில் அது நடந்திருக்கிறது.

ஆனால் கோடு தானாக வளைவதில்லை. பிரேசிலைப் பாருங்கள். அமேசனில் 2004இல் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீற்றர் காடு போனது. 2012இல் அது 4,600 அளவுக்கு இறங்கியது, சோயா விளைச்சல் கூடிக்கொண்டிருந்தபோதே. செய்மதியால் கண்காணித்தார்கள், சட்டம் மீறியவருக்குக் கடனை நிறுத்தினார்கள், புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வியாபாரிகள் வாங்க மறுத்தார்கள். பிறகு பிடி தளர்ந்தது. 2021இல் 13,000ஐத் தாண்டியது. இதற்கிடையில் நாடு ஏழையாகவும் இல்லை, திடீர்ப் பணக்காரராகவும் ஆகவில்லை. மாறியது பிடிதான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஓர் இடத்தில் வெட்டை நிறுத்தினால் அது இன்னோர் இடத்துக்கு நகரலாம். இதற்குக் கசிவு என்று பெயர். வியட்நாமில் காடு கூடியபோது அதன் தளபாடத் தொழிலுக்கு வேண்டிய மரத்தில் ஒரு பகுதி அயல்நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலால் போவது எங்களுக்குப் புதிதல்ல. முல்லைத்தீவில் இன்னும் நிற்கும் காட்டைப் பற்றிப் பேசும்போது, எங்கள் கதவு இப்போது எந்த ஊர் மரத்தில் செய்யப்படுகிறது என்றும் கேட்டுப் பார்க்கலாம். இலங்கையில் காட்டுப் பரப்பு வீதம் மிகக் கூடிய மாவட்டங்களில் முல்லைத்தீவு ஒன்று. இங்கே உடைகிற ஓர் ஏக்கர், ஏற்கெனவே வெட்டித் தீர்ந்த மாவட்டத்துப் பற்றை நிலம் ஓர் ஏக்கரைவிடக் கனமானது.

அன்றைக்குப் பஸ் ஏறுமுன் கச்சான் விற்ற அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். சுடுமணலில் வறுத்ததை அரித்துக்கொண்டே, இது தன் மருமகன் விதைத்தது என்றார். காணி பழையதா, புதிசா?

"பழைய காணிதான் தம்பி" என்றார். பையைச் சுருட்டித் தந்துவிட்டு, "இந்த முறை பின்பக்கத்தாலையும் ஒரு அரை ஏக்கர் வெளியாக்கினவர். விலை நல்லாய் இருந்தது."